ஈரச் சுவர்மேல் பொங்கல் பூச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் கோபி, பவானி, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் பக்கம் கொத்தனாரும் பெயின்டரும் கையில் சிக்க மாட்டார்கள். பொங்கலுக்குள் வீட்டைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் ஆள் தேடுகிறார்கள். வெள்ளையடிப்பதில் தப்பில்லை. ஆனால் ஆசாரத்திலும் (முன்கூடத்திலும்) உள்ளறையிலும் உப்புப் பொரிந்து, பூச்சு உதிர்ந்து நிற்கிற பழைய சுவரை இந்த அவசரத்தில் கொத்திப் பூசினால் பணம் முழுக்க வீண். கொங்கு நாட்டில் பெரும்பாலான இடங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் குடித்த சுவர் மார்கழிக் கடைசிக்குள் காய்வதில்லை. அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் பொங்கலன்று பளபளவென்று இருக்கும். அடுத்த மழைக்குள் முழங்கால் உயரத்துக்குக் கொப்பளித்து நிற்கும். பிறகு கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய வீடுகளில் பூச்சு வேலை பார்ப்பவர்கள் நாங்கள். தங்கள் வாசகர்கள் வேலையைத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை விவரமாக எழுதுகிறோம். கடிதம் நீளம்தான், பொறுத்துப் படிக்கவும்.

முதலில், சுவர் எதனால் ஆனது என்று தெரியவேண்டும். மதுக்கரையில் 1934-லேயே சிமென்ட் ஆலை வந்துவிட்டாலும், ஊர்ப்புற வீடுகள் அதன்பிறகும் நெடுங்காலம் மண்ணிலும் சுண்ணாம்பிலும்தான் எழுந்தன. சிமென்ட் அன்று அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த பொருள். அந்தக் கட்டுப்பாடு 1982-ல் ஓரளவும் 1989-ல் முழுதாகவும் நீங்கியது. அதற்கு முந்திய பல வீடுகளில் செங்கல் கட்டுக்குச் செம்மண்ணோ சுண்ணாம்போ இருக்கும், மேலே மட்டும் மெல்லிய சிமென்ட் பூச்சு இருக்கும். நடுமுற்றம் வைத்த தொட்டிகட்டு வீடுகளின் ஒன்றரை அடிச் சுவரும் சாளைகள் என்கிற தோட்டத்து வீடுகளின் மண்சுவரும் தனி ரகம். அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொத்திப் பாருங்கள். ஆணியால் கீறும்போது வெள்ளைத் தூள் கொட்டி ஆணி உள்ளே இறங்கினால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக இருந்து, ஆணி வழுக்கி வெறும் கோடு மட்டும் விழுந்தால் சிமென்ட். தண்ணீர் தெளித்துச் சற்றுப் பொறுத்துக் கீறினால் சேறாக வழிவது மண். எலுமிச்சம்பழச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு என்று சிலர் சொல்வார்கள். பழைய சிமென்ட் பூச்சும் நுரைக்கும்; அதை நம்பவேண்டாம்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. எந்தச் சுவருக்கும் அதைவிடக் கெட்டியான பூச்சு ஆகாது. மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். தண்ணீர் மேலே வரும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. பூச்சு மூச்சுவிடக் கூடியதாக இருந்தால் தண்ணீர் ஆவியாகி, உப்பு வெளிமுகத்தில் தங்கும், துடைப்பத்தால் கூட்டிவிடலாம். முகத்தைச் சிமென்டால் அடைத்துவிட்டால் அதே உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, பூச்சைத் தள்ளிவிடும். போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். முன்பு இரண்டடியில் நின்ற ஓதம் (நிலத்திலிருந்து ஏறும் ஈரம்), சிமென்ட் பூசிய பிறகு நாலடிக்கு ஏறுவது இதனால்தான். போதாததற்குச் சிமென்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பைச் சுவருக்குக் கொடுக்கிறது.

பூச்சைத் தொடுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சன்னல் மட்டத்துக்கு மேலே திட்டுத்திட்டாக இருந்தால் கூரை, ஓடு, மொட்டைமாடிக் குழாய் வாய். ஒரே இடத்தில் வட்டமாக இருந்தால் சுவருக்குள் போகிற குழாய். தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை ஒரே பட்டையாக இருந்தால் நிலத்தடி ஈரம். இந்தக் கடைசி வகைக்கு நம் ஊர்களில் பெரிய காரணம் தெருதான். ஒவ்வொரு முறையும் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் இன்று படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும், சாலை மட்டம் உயரக்கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளர் துறைகளுக்கு அறிவுறுத்தினார். அது உள்ளூர்த் தெருக்களிலும் நடக்கிறதா என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரர்களுக்கு உண்டு. தார் போடும் வேலை தொடங்கும் நாளில் போய்க் கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏற்கெனவே உயர்ந்துவிட்ட இடத்தில் செய்யக்கூடியது இது. வெளிப்பக்க மண் அல்லது தளம், உள்தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் சுவரை ஒட்டி ஓரடி அகலத்தில், உள்தரைக்குக் கீழே இறங்கும் அளவுக்கு, ஆனால் அஸ்திவாரத்தின் அடியைத் தொடாமல், ஒரு வாய்க்கால் தோண்டி முக்கால் அங்குல ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் ஓடிவிட வாட்டமும் வேண்டும். சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போடாதீர்கள். நிலத்தின் ஈரம் வேறு வழியின்றிச் சுவருக்குள் ஏறும். துளை போட்டு மருந்து ஏற்றுவதாகச் சொல்லும் முறை செங்கல் சுவரில், கலவை இடைவெளி இல்லாமல் ஓடும் இடத்தில் பலன் தரும். மண்சுவரிலும் கருங்கல் கட்டிலும் அதற்குச் செலவழிப்பது வீண் என்பதே எங்கள் கருத்து.

ஈரத்தின் வழியை அடைத்த பிறகு காத்திருக்க வேண்டும். பழைய கனமான சுவர் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும். ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பட்டால் நான்கைந்து மாதம். கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்முகத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிமுகத்தில் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம்; சுவரைக் குறை சொல்ல வேண்டாம். மார்கழியில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கும் வீட்டுக்காரர் பொங்கலுக்குள் பூசச் சொல்ல மாட்டார். மாசி, பங்குனிதான் உட்சுவர்ப் பூச்சுக்கு நல்ல காலம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் ஈரப்பூச்சை ஒரே பகலில் உறிஞ்சிவிடும். அப்போது பூசியே ஆகவேண்டும் என்றால் சன்னலை அடைத்து, நனைந்த கோணியைத் திரையாகத் தொங்கவிட்டுப் பூசுங்கள்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முன்பு கட்டுத்தரையாக இருந்த இடத்தையோ, மாடு கட்டிய சுவரையோ இன்று அறையாக மாற்றியிருப்பார்கள். மாட்டு மூத்திரத்தின் நைட்ரேட் உப்பு அந்தச் சுவரில் ஊறியிருக்கும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். எல்லாக் கசிவையும் நிறுத்திய பிறகும் மழைநாளில் சுவர் வியர்ப்பது இதனால்தான். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். தரையில் தாள் விரித்து, உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி, வீட்டைவிட்டுத் தள்ளிக் கொட்டுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு நான்கு பங்கு மணல் சேர்த்து, வேண்டுமென்றே பலமில்லாத ஒரு பூச்சு போட்டு ஒரு வருடம் விடுங்கள். அது உப்பை வாங்கிக்கொண்டு உதிரும். உதிர்ந்ததைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதன்பிறகு உண்மையான பூச்சு. இதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிமென்ட் பூச்சை உடைத்து எடுப்பதைவிட இது மலிவு.

பூச்சை உடைக்கும் வேலையில் அளவு வேண்டும். கரண்டிக் காம்பால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக ஒலிக்கும் இடம் இருக்கட்டும். பொக்கென்று ஒலிக்கும் இடத்தைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் பொக்கையாக இருந்தால் முழுச் சுவரையும் எடுத்துவிடலாம். அதற்குக் குறைவாக இருந்தால் கோட்டுக்குள் மட்டும் எடுப்பதே நல்லது. மண்சுவரிலும் சுண்ணாம்புக் கட்டிலும் டிரில்லிங் மெஷின் ஆகாது. பக்கத்துப் பூச்சும் ஆட்டம் கண்டுவிடும். சின்னச் சுத்தியும் தட்டை உளியும் போதும். வெட்டும் ஓரம் சதுரமாக, உள்ளே சற்று அகன்றபடி இருக்கட்டும். ஓரத்தைத் தேய்த்து மெலிதாக்கி விட்டால் புதுப்பூச்சு அங்கே தாள் கனத்தில் நின்று, முதலில் அங்கிருந்துதான் பெயரும். செங்கல் இடுக்குகளைச் சுமார் அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டிக் கூட்டி எடுங்கள்.

பல வீடுகளில் தரையிலிருந்து மூன்றடிக்கு ஆயில் பெயின்ட் அடித்திருப்பார்கள். அழுக்கு தெரியாமலிருக்கச் செய்த ஏற்பாடு, ஈரத்துக்குப் பெரிய அடைப்பாக நிற்கிறது. அதை முழுக்க எடுத்தாகவேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆயில் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நனைத்து, சுரண்டியால் எடுத்து, சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை நடக்கும் அறைக்குள் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வரவேண்டாம்.

விரிசல் இருந்தால் அது பூச்சில் மட்டுமா, சுவரிலும் ஓடுகிறதா என்று கொத்திப் பாருங்கள். கரிசல் பூமியில் நிற்கும் வீடுகளில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு கோடையில் அகன்று மழையில் சுருங்கும். அதன் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு பொட்டு வைத்து, தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழையும் விடுங்கள். பொட்டு உடைந்தால் அது அஸ்திவாரச் சங்கதி. இன்ஜினியரைக் கூப்பிடாமல் பூசவேண்டாம்.

இனிக் கலவை. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு, மண்சுவருக்கு மண்ணோ சுண்ணாம்போ, சிமென்ட் சுவருக்குச் சிமென்டும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. சூளையில் சுட்ட கல் சுண்ணாம்பை வாங்கி, இரும்பு டிரம்மில் மூன்று நான்கு மடங்கு தண்ணீர் வைத்து, அதற்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றவேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் கட்டாயம். கொதி அடங்கியதும் மூன்று மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரமாவது ஊறவையுங்கள். சரியாக நீறாத ஒரு கடுகளவு கல் கலவையில் போய்விட்டாலும், பூசி முடித்து மாதங்கள் கழித்து ஈரம் பட்டு நீறிப் பருத்து, வட்டமாக ஒரு சில்லைத் தள்ளிவிடும். வெள்ளைச் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி நிற்கும் குழிகள் அப்படி வந்தவைதான். பையில் வரும் நீற்றிய தூள் சுண்ணாம்பு வாங்கினாலும் ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கலக்கவேண்டும். பழைய பை ஆகாது; காற்றுப்பட்டுப் பாதி சுண்ணாம்புக்கல்லாகவே திரும்பியிருக்கும்.

அடிப்பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. நூறு சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில், மேடு பள்ளத்தையும் சேர்த்து, சுமார் ஐந்து கன அடி மணலும் 45 லிட்டர் சுண்ணாம்பும் வேண்டும். அந்த 45 லிட்டருக்கு நீற்றாத சுண்ணாம்பு 20 முதல் 25 கிலோ பிடிக்கும். ஓதம் முழுக்க நிற்காத அடிச்சுவருக்கு மணலில் பாதியைக் குறைத்து அந்த அளவுக்குச் செங்கல் தூள் சேர்த்தால், காற்றில்லாத இடத்திலும் ஓரளவு இறுகும். கருகிய செங்கல் இதற்கு ஆகாது. சிமென்ட் சுவரில் ஒட்டுப்போடும்போது சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. சிமென்ட் மட்டும் என்றால் ஒன்றுக்கு ஆறு. நூறு சதுர அடிக்கு முக்கால் மூட்டை சிமென்டும் ஐந்து ஐந்தரை கன அடி மணலும் ஆகும். கெட்டியாக இருக்கட்டும் என்று ஒன்றுக்கு மூன்று கலக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் அதிகம். அந்தக் கலவை காயும்போது சுருங்கி, பழைய பூச்சிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொள்ளும். கடுக்காயும் பனைவெல்லமும் சேர்ப்பதைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல பழக்கம்தான், கலவை வழவழப்பாக ஓடும், தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். ஒட்டுப்போடும் வேலைக்கு அது கட்டாயமில்லை. வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும்.

மணலில்தான் இன்று பெரிய ஏமாற்று. ஆற்று மணல் கிடைப்பதில்லை. பூச்சுக்கென்று, கல்லை உடைத்துச் செய்யும் பி சாண்ட் மணலை விற்கிறார்கள். கழுவிச் சலித்த நல்ல பி சாண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே பெயரில் கிரஷர் தூளும் லாரியில் வருகிறது. நேரான கண்ணாடிக் குவளையில் பாதிக்கு மணலும், முக்கால் வரை தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் மாவு, மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். மாவு கூடிய கலவை தேய்க்கச் சுகமாக இருக்கும். இரண்டாம் நாள் காலையில் சுவர் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மயிரிழைக் கீறல்கள் ஓடியிருக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். வீட்டில் நல்லதண்ணிக் குழாய், உப்புத்தண்ணிக் குழாய் என்று இரண்டு இருந்தால் கலவைக்கும் நனைப்பதற்கும் நல்லதண்ணியையே எடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கலக்கும் தண்ணீரில் சல்பேட் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. பூச்சுக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். நொய்யலின் கீழ்ப்பகுதியில், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து பூசுகிறவர்கள் பரிசோதனை செய்யாமல் இறங்கவேண்டாம். புதுப்பூச்சிலேயே உப்புப் பூப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பூசும் முறையில் மூன்று இடங்களில்தான் வேலை கெடுகிறது. ஒன்று, நனைப்பது. முந்தின நாள் மாலை ஒருமுறையும், பூசுவதற்கு அரை மணி முன்பு ஒருமுறையும் நனைக்கவேண்டும். வெட்டிய பழைய ஓரத்தையும் சேர்த்து நனையுங்கள், அதுதான் புதுக் கலவையின் தண்ணீரை முதலில் உறிஞ்சும். சுவர் ஈரமாக இருக்கவேண்டும், நீர் வழியக்கூடாது. இரண்டு, கனம். ஒரே தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் போடக்கூடாது. ஆழமான குழியை முதலில் ஓட்டுச் சில்லும் கலவையும் வைத்து நிரப்பி, அது இறுகிய பிறகு அடுத்தது. சுண்ணாம்புப் பூச்சில் நகம் பதியாத அளவுக்கு முதல் பூச்சு இறுகும் வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, அடுத்த பூச்சைப் போடக்கூடாது. மூன்று, திரும்பத் தேய்ப்பது. சுண்ணாம்புக் கலவை இறுகத் தொடங்கும்போது சின்னக் கீறல்கள் விடும். அந்த நேரம் பார்த்து லேசாக நீர் தெளித்து மணியாஸ் கட்டையால் (பூச்சைச் சமமாகத் தேய்க்கும் பலகையால்) அழுத்தித் தேய்த்து மூடவேண்டும். பூசிய அன்றே வீட்டுக்குப் போய்விடும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். சிமென்ட் கலவையைத் தண்ணீர் சேர்த்த அரைமணி முக்கால் மணிக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினால் பலம் போய்விடும். சுண்ணாம்புக் கலவையை நனைந்த கோணி போட்டு மூடினால் மறுநாளும் வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர். சுண்ணாம்புப் பூச்சுக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் ஒரு வாரம் காலையும் மாலையும் பனி போலத் தெளித்தால் போதும். அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. முழுக்கக் காய்ந்துபோனாலும், சொட்டச் சொட்ட நனைந்தாலும் அந்த வேலை நின்றுவிடும்.

கரண்டுக் குழாய்க்காக வெட்டிய காடியும், கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடமும் பிளக்காமலிருக்க, இரண்டு பக்கமும் அரை அடி ஏறும்படி கோழிவலை வைத்துப் பூசுங்கள்.

சுவர் சமமாக இருந்தால் இதோடு வேலை முடியும். ஆனால் எழுபது, எண்பதுகளில் பூசிய பல வீடுகளில் முன்னறைச் சுவர் சொரசொரப்பாக இருக்கும். விளக்குமாற்றாலோ கைமெஷினாலோ கூழ்க்கலவையைத் தெளித்தது, கோணியால் ஒற்றி எடுத்தது, சீப்பு போன்ற பலகையால் வரி இழுத்தது என்று மூன்று வகை அதிகம் பார்க்கலாம். இந்தச் சுவர்களின் நடுவே ஓர் ஒட்டுப் போட்டால் அது ஊருக்கே தெரியும் என்று பயந்து முழுச் சுவரையும் உடைக்கச் சொல்கிறார்கள். உடைக்க வேண்டியதில்லை. பொறுமையான கை இருந்தால் ஒட்டு தெரியாது.

முதல் காரியம், பழைய மணலைப் பார்ப்பது. விழுந்த பூச்சிலிருந்து ஒரு நெல்லிக்காயளவு துண்டை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் போட்டு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் நன்றாக நீர்த்துவிட்டு (தண்ணீரில் ஆசிட்டை விடவேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது), கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். நுரை அடங்கியதும் கழுவி, அடியில் தங்கியதைத் தாளில் உலர்த்துங்கள். சுண்ணாம்பு கரைந்துபோய் மணல் மட்டும் கிடைக்கும். அதை விரலில் உருட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். பழைய ஆற்று மணல் உருண்டையாக, பழுப்பும் வெள்ளையுமாக, பெரிசும் சிறிசும் கலந்து இருக்கும். பி சாண்ட் கூரிய முனையோடு ஒரே சாம்பலாக இருக்கும். கூரிய மணலில் செய்த சொரசொரப்பு வேறு மாதிரி நிழல் விழுத்தும். சாயம் ஒன்றாக அடித்தாலும் ஒட்டு தெரிவதற்கு அதுதான் காரணம். ஆகவே உதிர்ந்த பழைய பூச்சை, உப்பு ஏறாத மேல்பகுதியிலிருந்து மட்டும் எடுத்து, மரக்கட்டையால் நொறுக்கிச் சலித்து, மேற்பூச்சுக்கு அந்த மணலையே திரும்பப் பயன்படுத்துங்கள். சொரசொரப்புப் பூச்சின் கனம் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான், நாலைந்து ஒட்டுக்கு ஒரு சட்டி மணல் போதும்.

வரி போட்ட சுவர் என்றால், பழைய வரிமேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். பல்லின் அகலமும் இடைவெளியும் அப்படியே தாளில் விழும். அந்தத் தாளைத் தகரத்தின்மேல் ஒட்டி வெட்டி அரத்தால் ராவினால் அதே சீப்பு கையில் வந்துவிடும். கலவையில் கட்டைவிரலை வைத்தால் தடம் பதியவேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் இழுத்தால்தான் வரி சுத்தமாக நிற்கும். முந்தினால் கலவை வழிந்து வரி மூடும், பிந்தினால் மணல் பெயர்ந்து கரகரவென்று வரும். இழுப்பதைப் பழைய வரியில் ஒரு சாண் முன்னாலேயே தொடங்கி, ஒட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு சாண் போய் முடியுங்கள். கை நடுவில் நிற்கக்கூடாது.

தெளிப்புச் சுவருக்கு அடிப்பூச்சைப் பழைய முகத்தைவிட ஐந்து மில்லிமீட்டர் உள்ளே நிறுத்துங்கள். மறுநாள் லேசாக நனைத்து, சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டரை சேர்த்துக் கூழாகக் கரைத்து, இரண்டடி தள்ளி நின்று தெளியுங்கள். ஒரே பக்கமாகத் தெளித்தால் ஒவ்வொரு கலவைப் பொட்டுக்கும் பின்னால் வெறுமையாக இருக்கும். இடப்பக்கமிருந்து ஒரு மெல்லிய சுற்று, அது சற்று இறுகியதும் வலப்பக்கமிருந்து ஒரு சுற்று. பழைய சுவரைத் தாளால் மறைக்கும்போது தாளை நேராக வெட்டாமல் கையால் கிழித்து, ஒட்டிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி ஒட்டுங்கள். நேர்கோடு எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் போகும். பழைய சொரசொரப்பின் மேல் பல வருட வெள்ளை படிந்து முனைகள் மழுங்கியிருக்கும். புதிது கூர்மையாக நிற்கும். மூன்றாம் நாள் உலர்ந்த கோணியால் ஒட்டை லேசாகத் தேய்த்து முனையை மழுக்கிவிடுங்கள். இதையெல்லாம் சுவரில் செய்யும் முன் இரண்டடிப் பலகையில் செய்து, இரவில் டார்ச் லைட்டைச் சுவரோரமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சம் மறைக்கிற குறையை டார்ச் மறைக்காது.

சொரசொரப்பே வேண்டாம், சமமாக்க வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டியை அப்பி நிரப்பாதீர்கள். ஒயிட் சிமென்ட் பட்டி இரண்டு கோட்டிலும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்குத்தான் செய்யப்பட்டது. ஐந்து மில்லிமீட்டர் பள்ளத்தில் அதை நிரப்பினால் வெடித்துத் தகடாக விழும். மேலே பெயின்ட் இருந்தால் முதலில் அதை எடுத்து, மேடுகளைக் கொத்திக் குறைத்து, அடிச்சுவருக்குத் தக்க கலவையில் கால் அங்குலப் பூச்சு ஒன்று போடுவதே முறை. ஜிப்சம் பூச்சு வேகமாக முடியும், மழமழவென்று வரும். மாடி அறைகளுக்குச் சரி. ஓதம் ஏறும் தரைத்தளச் சுவரில் அது ஊறிக் கரைந்துவிடும், எந்த விலைக்கும் வேண்டாம்.

சாயத்துக்கு வருவோம். சுண்ணாம்புப் பூச்சுக்குச் சுண்ணாம்பு வெள்ளையே சிறந்தது. நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று கரைத்து, ஒருநாள் வைத்து, துணியில் வடித்து, மூன்று தடவை மெல்லிசாக அடியுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் கையில் ஒட்டும், செதிலாக உதிரும். எமல்ஷன்தான் வேண்டுமென்றால் சிமென்ட் பூச்சுக்கு 28 நாளும் சுண்ணாம்புப் பூச்சுக்கு மூன்று மாதமும் பொறுங்கள். பூச்சின் காரம் அடங்காமல் அடித்தால் சாயம் வெளிறித் திட்டாகும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக மூன்று கோரிக்கைகள். நகராட்சிகளும் பேரூராட்சிகளும் தார் போடுவதற்கு முன், பக்கத்து வீட்டு வாசற்படி மட்டத்தைக் குறித்துவைத்து, வேலை முடிந்ததும் அதே மட்டம் இருக்கிறதா என்று தெருவாசிகள் முன்னிலையில் காட்டவேண்டும். ஐ.டி.ஐ.-களில் கட்டட வேலைப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு நீற்றுவதையும் பூசுவதையும் ஒரு வாரமாவது செய்முறையாகக் கற்றுத்தர வேண்டும். இந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார்கள் வயதானவர்களாகிவிட்டார்கள், கற்றுத்தர அவர்கள் தயாராகவே இருக்கிறார்கள். பி சாண்ட் விற்பவர்கள் ஒவ்வொரு லோடுக்கும் சலிப்புச் சோதனைச் சீட்டைக் கையில் கொடுக்கவேண்டும். சீட்டில் தேதியும் குவாரியின் பெயரும் இல்லாத லோடை வீட்டுக்காரர்கள் இறக்கவே விடக்கூடாது.

இப்படிக்கு,
பழைய வீட்டுப் பூச்சு வேலை செய்யும் கொத்தனார்கள்,
கோபிசெட்டிபாளையம் வட்டாரம்.